ஆறாந்தரக் கப்பல்

எங்கள் வீட்டில் நான் ஆறாவது பெண். பிறந்த அன்று, "ஆறாவதும் பெட்டையோ?" என்று சொந்தபந்தமெல்லாம் மூக்கைச் சிந்தியதாம். சிந்தினால் சிந்தட்டும்.

லண்டன் லூயிஷாமில், என் சமையலறை மேசையில், ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து கப்பல் ஒன்று செய்தேன். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையின் சின்னஞ்சிறு போர்க்கப்பல், முழங்கை நீளத்தில். அந்தக் காலத்தில் பீரங்கியையும் ஆட்களையும் பார்த்துக் கப்பல்களுக்குத் தரம் பிரித்தார்கள். முதல் தரம் ஆகப் பெரியது, ஆறாம் தரம் ஆகச் சிறியது. பக்கத்து ஊரான டெப்ஃபோர்ட்டின் கப்பல் கட்டும் துறையில் அப்படிப்பட்ட சிறியவற்றையும் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி வந்தது. வாசலுக்கு நேரே இருந்த மேசையில் கப்பலை வைத்து, "ஆறாந்தரப் போர்க்கப்பல்" என்று அட்டை எழுதி முன்னால் நிறுத்தினேன். என் மூத்த அக்காவின் கணவர்தான் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். அட்டையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"மச்சாள், உந்த அட்டையை எடும். மூன்றாந்தரம் எண்டாலே எங்கடை ஆக்கள் முகத்தைச் சுளிப்பினம். நீர் ஆறாந்தரம் எண்டு எழுதி வச்சிருக்கிறீர்!"

"அத்தான், கடற்படையிலை மூன்றாந்தரம் எண்டால் பெரிய சண்டைக் கப்பல்."

"ஓம், இஞ்சையும் ஆரையாவது மூன்றாந்தரம் எண்டு சொல்லிப் பாரும். பெரிய சண்டைதான் வரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனிதர் விடவில்லை. 'சிறந்த போர்க்கப்பல்' என்று மாற்றி எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் கப்பல் பின்பக்கத் தேநீர் மேசைக்குப் போய்விடுமாம். சொன்னதோடு நிற்காமல் கப்பலில் கையும் வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கையை எடுங்கோ அத்தான். பெரிய கப்பல் போக ஏலாத ஆழமில்லாத தண்ணிக்குள்ளை எல்லாம் இதுதான் போனது. எதிரி எங்கை நிக்கிறான் எண்டு முன்னுக்குப் போய்ப் பாத்ததும் இதுதான். பீரங்கி குறைவு, அவ்வளவுதான். பொய்ப் பேர் வைக்க மாட்டன்."

"சனம் சிரிக்கும், மச்சாள். உம்மடை அக்காவுக்கும் வெக்கம்."

"அத்தான், எங்கடை வீட்டிலை நான் எத்தினையாவது?"

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கப்பலிலிருந்து கையை எடுத்தார்.

அட்டையின் மறுபக்கத்தில், முன்னதைவிடக் கொழுத்த எழுத்தில் 'ஆறாந்தரம்' என்று எழுதி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"இனிக் கதவைத் திறவுங்கோ," என்றேன். "சிரிக்கிற ஆக்கள் கிட்ட வந்து சிரிக்கட்டும்."