பஸ்ஸக்காவின் புதுச் சக்கரங்கள்

ஏறுவதற்கு முன் பஸ்ஸக்கா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார், பின் டயரையும். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் வந்தாச்சா? யாராவது பாத்ரூம் போகணுமா?" என்கிறார். எங்கள் சைக்கிள் குழுவில் இளையவருக்கே வயது முப்பத்தாறு.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் என்பதால் எங்களுக்கு அவர் பஸ்ஸக்கா. வயது நாற்பத்தொன்பது. காலை டிரிப்புக்கு முன்னால் விடியலில் வந்து மிதித்துவிட்டுப் போவார். சைக்கிள் பத்தொன்பது வருடப் பழசு; பந்தயத்துக்கென்றே செய்தது, கைப்பிடியில் இரண்டு கொம்புகள் முன்னால் நீண்டிருக்கும். "என் பஸ்ஸவிட இது மூத்தது, மரியாதையா பேசுங்க" என்பார். பள்ளத்தைக் கண்டால், "தூக்கிப் போடும், பிடிச்சுக்குங்க" என்று குரல் கொடுப்பார். எதைப் பிடித்துக்கொள்வது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே ஆசைதான். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் டிரையத்லானை ஒருமுறையாவது முடித்துவிட வேண்டும். ஓட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சைக்கிளைக் குறித்த நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் ஓடவே விடமாட்டார்கள். சென்ற ஆண்டு நான்கு நிமிடத்தில் தவறிப்போனது. காரணம் நான். ஒரு வளைவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டேன். மற்றவர்கள் கடந்து போனார்கள்; அக்கா இறங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் முகத்தில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, "தூங்கக் கூடாது சார், உங்க பசங்க என்ன படிக்கறாங்க, சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவருடைய சக்கரங்கள் தேய்ந்துவிட்டன, இன்னொரு பந்தயம் தாங்காது என்று கடைக்காரர் கைவிரித்தது காதில் விழுந்ததும், கறுகறுவென்று இரண்டு புதுச் சக்கரங்களை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுழற்றிப் பார்த்து, "சத்தமே இல்ல சார்" என்று சிரித்தார். மூன்று வாரமாகியும் சைக்கிளில் பழைய சக்கரங்கள்தான். கேட்டால், "மாட்டிக்கலாம், என்ன அவசரம்?"

பொறுக்கமாட்டாமல் வீட்டுக்கே போனேன். கூடத்து மூலையில் சக்கரங்கள் போர்வை போர்த்திக்கொண்டிருந்தன. தையல்காரரான அவர் கணவர்தான் விஷயத்தை உடைத்தார். "அதுல பிரேக் பிடிக்காதுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லாம இருக்கா."

அக்காவின் பழைய சைக்கிளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். நான் வாங்கியதோ, நடுவில் தட்டு வைத்துப் பிரேக் பிடிக்கும் புது வகைச் சைக்கிளுக்கானது. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி விற்கிறவன் நான். முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் இருவரும் போய் மாற்றினோம். அக்கா சாதாரண வெள்ளி நிறச் சக்கரங்களை எடுத்து, அங்கேயே மாட்டச் சொல்லி, பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பார்த்தார். "இது நிக்குது சார். இனிமே தைரியமா மிதிக்கலாம்." வீடுவரை அதிலேயே போனார். பழைய சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

பந்தயத்தன்று நல்ல எதிர்க்காற்று. இந்த முறை நான் போட்டியில் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிக் கயிற்றுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். கெடு முடிய மூன்று நிமிடம் இருந்தது, அக்காவைக் காணோம். இரண்டு நிமிடம் இருக்கையில் சரிவின் உச்சியில் தலை தெரிந்தது. காற்றாக இறங்கி வந்து, கோட்டருகே பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கெடுவுக்குள் இறங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நேரே ஓடப் போக வேண்டியவர், சைக்கிளை என் பக்கமாக உருட்டி வந்தார். மூச்சு வாங்கியது. கயிற்றுக்கு மேலாக என் கையைப் பிடித்து இழுத்து, பிரேக் பிடித்த சூடு ஆறாத சக்கர விளிம்பின்மேல் ஒரு கணம் வைத்து அழுத்தினார்.