உப்புக் கிடங்கு லுவான்

எங்கள் துறைமுகத்தில் வந்து ஓவியர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உப்புக் கிடங்கு லுவான் என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும். முழுப் பெயர் யென் சியூ-லுவான். தைப்பேயில் ஒரு மியூசியம் அவள் படத்தை வாங்கி வைத்திருக்கிறது. டோக்கியோவில் கண்காட்சி நடந்திருக்கிறது. இங்கேயோ, "அந்தப் பொண்ணு இன்னும் கிறுக்கிட்டுதான் இருக்குதா?" என்று என் கடையில் மீன் உருண்டை சூப்பை உறிஞ்சிக்கொண்டே விசாரிப்பார்கள். அந்தப் 'பொண்ணு'க்கு வயது அறுபத்திரண்டு. அப்படிக் கேட்கிறவனுக்கு நான் ஓர் உருண்டை குறைத்துத்தான் போடுவேன்.

நானும் அவளும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டதும் சிப்பி உடைக்க உட்காருவோம். என் வாளி நிறைந்துவிடும். அவள் உடைத்த ஓட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஓட்டைப் பாத்தா வயிறு நிறையுமாடி?" என்று அவள் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அப்புறமும் பார்ப்பாள். அவ்வளவு அழுத்தம்.

படித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் டிராயிங் டீச்சரானாள். அவள் அப்பா தியான்-பாவ், மீன்பிடிப் படகு கேப்டன். படகுக்காரன் மகள் அரசாங்க உத்தியோகம்! மனிதர் துறைமுகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாற்பத்து மூன்றாவது வயதில் அந்த வேலையை அவள் ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். பாழடைந்த உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்துப் படம் போட உட்கார்ந்தாள். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அப்பா திட்டவில்லை. "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதோடு சரி.

கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மீனைக் கொண்டுவந்து கிடங்கு வாசல் கொக்கியில் மாட்டுவார். வெளியிலிருந்தே, "சாப்டியா?" என்பார். "சாப்டேம்ப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். திரும்பிப் போய்விடுவார். படகை விற்ற பிறகு சந்தையில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினார். ஏறக்குறைய இருபது வருஷம் இதே கதை. வாசற்படியை ஒரு நாளும் தாண்டியதில்லை, அவள் போட்ட ஒரு படத்தையும் பார்த்ததில்லை.

"மியூசியமே வாங்கிடுச்சு, இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்பா ஒரு தடவை பாத்தா போதும், பீ-ஹே. நல்லா இல்லேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல."

சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குத்தான் பொறுமை கிடையாது. துணியைத் தரையில் விரிப்பாள். தண்ணீர் மாதிரி மெல்லிய சாயத்தை ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மாதக்கணக்கில் பூசிவிட்டு, சிப்பிக் கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பிப்பாள். தெற்குக் காற்று வந்து சுவரெல்லாம் வியர்க்கும் மாதத்தில் எதுவும் காயாது. சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"தலை காய வைக்கிற மெஷினை வச்சு ஊதித் தொலையேன்!"

"அவசரப்படுத்தினா மேல்தோலுதான் காயும்."

கடைசியில் பார்த்தால் படகு இருக்காது, பூ இருக்காது, ஆள் இருக்காது. சாம்பல் நிறத்துக்குள் இன்னொரு சாம்பல், எங்கேயோ ஆழத்தில் கொஞ்சம் பச்சை. சத்தியமாக எனக்குப் புரியாது. ஆனால் தாய்ச்சுங் நகரில் அவள் கண்காட்சிக்குப் போன நான், காவலாளி வந்து "அம்மா, பூட்டணும்" என்று சொல்லும்வரை ஒரே படத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். என் புருஷனைக்கூட அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

ஒரு பெரிய ஓட்டல்காரன் வந்து, இதே மாதிரிப் படத்தை அதிர்ஷ்டத்துக்குச் சிவப்பில் போட்டுத் தந்தால் கேட்ட விலை தருகிறேன் என்றான். "செவப்பு வேணும்னா பெயிண்டுக் கடையில கேளுங்க" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். புயலில் கிடங்குக்குள் கடல் வந்து, மூன்று வருஷ வேலை ஊறிப்போனது. நான்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, "சூப்பு இருக்கா?" என்றாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். கோபமாகவும் இருக்கும்.

போன வருஷம் கடலில் காக்கும் மாட்சு அம்மன் கோயிலைப் புதுப்பித்தார்கள். லுவான் ஒரு பெரிய படத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். கோயில் கமிட்டித் தலைவர் வேறு யாருமில்லை, அவள் அப்பாதான். எண்பத்தாறு வயது. அவரால் இனி மறுக்க முடியாது, பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். எனக்கும் அது தெரியும்.

படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கமிட்டியில் இருந்த ஐஸ் ஃபேக்டரிக்காரர் தூ வாய்விட்டே சொன்னார்: "அண்ணே, இத மாட்டினா சுவத்துல ஈரம் கசியுதுன்னு நெனச்சு ஜனங்க கொத்தனாரக் கூப்புடுவாங்க!" சிரிப்பு கிளம்பியது. கேப்டன் படத்தின் பக்கம் திரும்பவில்லை. "என்னை எதுக்குக் கேக்கறீங்க? அம்மாகிட்ட கேப்போம்" என்று குறி கேட்கும் பிறைக் கட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு சந்நிதியில் மண்டியிட்டார்.

எங்கள் ஊர் வழக்கம்தான். பெயர், விலாசம் சொல்லிக் கேள்வியைக் கேட்டுக் கட்டைகளைப் போட வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் அம்மா சிரிக்கிறாள், கேள்வி சரியில்லை. பெரிய காரியத்துக்கு அடுத்தடுத்து மூன்று சம்மதம் வேண்டும்.

"பக்கத்து மண்டபத்துல மாட்டட்டுமா?" இரண்டும் குப்புற. "முரசு மேடைக்குக் கீழே?" குப்புற. "ஆபீசு ரூம்ல?" மல்லாந்தன. கூட்டமும் அம்மனோடு சேர்ந்து சிரித்தது. எனக்கு அம்மன் மேலேயே ஆத்திரம் வந்தது. நீயும் ஒரு பெண்தானே!

லுவான் முகம் வெளுத்துவிட்டது. "போதும்ப்பா. நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"அதையே கேளுங்கண்ணே, திருப்பி அனுப்பிடலாமான்னு" என்றார் தூ.

கேட்டார். இரண்டும் குப்புற விழுந்தன. திருப்பி அனுப்பவும் கூடாதாம். சிரிப்பு அடங்கிவிட்டது.

கேப்டன் கட்டைகளைப் பொறுக்கிக் கையில் எடுத்தார். பிறகு முழங்காலாலேயே திரும்பிப் படத்தைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மேலிருந்து கீழே, மறுபடி மேலே. லுவான் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. அவர் சந்நிதிப் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டார். டீசல் எஞ்சின் தின்ற காது அவருக்கு. அவர் ரகசியம் தெருமுனைவரை கேட்டது.

"அம்மா, அப்படின்னா... இது எனக்கா?"

ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து. மறுபடியும் அதே. மூன்றாவது முறை கட்டை ஒன்று உருண்டு தூவின் காலடிக்குப் போய் நின்றது. தூ குனிந்து பார்த்தார். "சம்மதம்ணே" என்றார்.

லுவான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். புயலுக்கு அழாதவள். அப்பா அருகில் வந்து நின்று, "சாப்டியா?" என்றார்.

படத்தின் ஒரு முனையைத் தூவே தூக்கிக்கொண்டு போனார். கேப்டன் வீட்டு முன்கூடத்தில், முன்னோர் பீடத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள்.

நாலு நாள் கழித்து சூப்பு எடுத்துக்கொண்டு போனேன். மனிதர் நாற்காலியைச் சுவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

"என்ன மாமா, படம் புரியுதா?" என்று காதருகில் கத்தினேன்.

"புரியுமான்னா நான் அம்மாகிட்ட கேட்டேன்? எனக்கான்னுதானே கேட்டேன்" என்றார். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது."