ஓட்டை மாற்றிப் போட்டவள்

காரைக்குடியில் நான் நடத்தும் பெண்கள் தையல் கடையில் ஒரு டிவி உண்டு. துணி கொடுக்க வருகிறவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று மாட்டியது. அந்த விளையாட்டு நிகழ்ச்சி தொடங்கிய பிறகு, தைக்க எதுவும் இல்லாதவர்களும் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காட்டுக்குள் பதினாறு பேர். வாரம் ஒருவரை மற்றவர்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்ப வேண்டும். யாரோடு கூட்டுச் சேர்வது, யாரை எப்போது கைவிடுவது என்பதுதான் ஆட்டமே.

அதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒருத்தி இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். விறகு பொறுக்குவாள், சமைப்பாள், எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருப்பாள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒருவர்தான் அங்கே பலசாலி. எங்கள் கடையில் பாதிப் பேருக்கு மேல் அவர் பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம், "உங்க பேரை நான் எழுத மாட்டேண்ணே" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டுச் சீட்டில் அவர் பெயரைத்தான் எழுதினாள். இன்னும் நான்கு பேரையும் எழுத வைத்திருந்தாள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

கடையே கொதித்தது. முதலில் எழுந்தவர் டீச்சர். ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாளே பாதகத்தி! பெத்த புள்ளைக மூஞ்சில எப்படி முழிப்பா?"

நான் மெஷினை நிறுத்தினேன். "டீச்சர், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அந்தத் தாடிக்காரப் பய இதையேதான செஞ்சான்? என்னா மூளைன்னு கை தட்டுனீக."

"அவன் விளையாட வந்தவன்."

"அப்ப இவ என்ன, சமைக்க வந்தவளா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். டீச்சர் முகம் சிவந்துபோனது. "ஒனக்கு என்னத்துக்குடி இம்புட்டு ரோசம்? ஒன்னையவா சொன்னேன்?"

என்னைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நான் கண்டரமாணிக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். தையல் படிக்கிறேன் என்று கேட்டபோது, வீட்டு மருமகள் ஊரான் துணியைத் தைப்பதா என்று மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. முதுகுவலிக்கு வைத்தியம் என்று சொல்லி, வாரம் மூன்று நாள் காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். ஒரு வருஷம் கழித்துக் கையில் தொழிலோடு நின்றபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. "நம்ப வச்சு ஏமாத்திட்டா" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை, வேறு வழியில் எடுத்துக்கொண்டேன். அதற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

அதை டீச்சரிடம் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அந்தப் பெண்ணின் புருஷனையும் பிள்ளைகளையும் இழுத்துக் கண்டபடி எழுதியிருந்தார்கள். அவள் பிள்ளைகளின் போட்டோவைக்கூட யாரோ தேடிப் போட்டிருந்தார்கள். நான் மூன்றே வரி எழுதினேன். "அவள் ஆடியது ஆட்டம். அந்தப் பிள்ளைகளின் படத்தை எடுத்துவிடுங்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

டீச்சரிடமிருந்து போன் வந்தது. "அந்த மெசேஜை அழிச்சுட்டு ஒரு சாரி போட்டுரு. எல்லாரும் மனசு கஷ்டப்படுறாக."

"படத்தை எடுக்கச் சொல்லுங்க டீச்சர். நான் எழுதுனதை அழிக்க மாட்டேன்."

மத்தியானத்துக்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த வாரமே மூன்று பேர் வந்து வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமலே பையை நீட்டினாள். சாயங்காலம் பெஞ்சு காலியாகக் கிடந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "டிவியில வர்ற எவளோ ஒருத்திக்காக நம்ம தொழிலைக் கெடுக்கணுமா? ஒரு வார்த்தைதான, போட்டு விடு."

"ஒரு வார்த்தைதான்னா அதை அவுக போடட்டும்" என்றேன். கடை டிவியை நான் அணைக்கவில்லை. ஆளில்லாத கடையில் சத்தமாகவே ஓடியது.

பத்து நாள் இருக்கும். வெயில் உச்சியில் டீச்சருடைய மருமகள் தனியாக வந்தாள். ஒரு ஜாக்கெட் துணியை மேசையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் போட்டோவை எடுத்துட்டாக. நாலு பேரு தனியா எழுதிக் கேட்டோம். நானும் கேட்டேன், எங்க அத்தைக்குத் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ ஆடுனது சரியான ஆட்டம்க்கா. அந்தாளு மறுவாரம் இவளத்தேன் அனுப்பியிருப்பாரு. எனக்கு அப்பவே தெரியும்."

நான் டேப்பை எடுத்து அவளுக்கு அளவெடுத்தேன்.

கடைசி வாரம்வரை தாக்குப்பிடித்தாலும் டிவியில் அந்தப் பெண் ஜெயிக்கவில்லை. யார் ஜெயிப்பது என்று கடைசியில் வெளியேறியவர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். அவர்களில் இரண்டு பேர் மட்டும் அவளுக்குப் போட்டார்கள். தாடிக்காரன் கோப்பையைத் தூக்கினான். தெருவில் யாரோ வெடி போட்டார்கள். "எதுக்காச்சும் வருத்தப்படுறீங்களா?" என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்டபோது, அவள் யோசிக்காமல் "இல்லை" என்றாள். நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அடுத்த மாதம் டீச்சரே வந்தார். வேறு கடையில் தைத்த ஜாக்கெட் அக்குளில் இழுக்கிறதாம். துணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் அவ செஞ்சது சரின்னுதேன் சொல்லுவியா?"

"சரின்னுதேன் சொல்லுவேன் டீச்சர். கையைத் தூக்குங்க."

அவர் முறைத்தார். பிறகு கையைத் தூக்கினார்.