இல்லாத தம்பியை அடித்த பாவம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாள், கணக்குப் பாடத்தின் நடுவில் சிஸ்டர் வந்து எங்கள் ஏழு பேரை மட்டும் எழுப்புவார். கான்வென்ட் பள்ளி என்று பெயர்தான். என் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஏழே பேர். பக்கத்திலிருந்த மாதா கோயிலுக்கு வரிசையாக நடந்து போய், செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். போகும்போது, உட்கார்ந்திருக்கும் இந்துத் தோழி ஒருத்தி தவறாமல் கேட்பாள்.

"நீங்க மட்டும் ஏன்டி மாசா மாசம் தப்பு செய்யணும்? எங்க சாமி இப்படியெல்லாம் கேக்காதுலா."

எனக்கு அப்போது பத்து வயது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வீடு. பஸ்ஸில் பள்ளிக்கு வந்து, பஸ்ஸில் வீட்டுக்குப் போய், இரவு செபமாலை சொல்லிவிட்டுத் தூங்குகிற பிள்ளை எங்கே போய்ப் பாவம் தேடும்? முதல் தடவை வரிசையில் நின்றபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு பாவமும் தேறவில்லை. முன்னால் நின்ற பெரிய பின்னல்காரி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்லணும்னு தெரியலையா? மனப்பாடம் பண்ணிக்கோ. அம்மா பேச்சைக் கேக்கல, பொய் சொன்னேன், செபம் சொல்றப்ப தூங்கினேன், தம்பியை அடிச்சேன். அவ்வளவுதான்."

நான் மனப்பாடம் செய்தேன். அந்த வயதில் நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் கற்றோம்: வாய்ப்பாடு, நெகாராகூ தேசிய கீதம், விசுவாசப் பிரமாணம். 'என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி' என்று தொடங்கினால், மூச்சு விடாமல் தம்பியை அடித்ததில் வந்து முடியும். அதுவும் செபத்தின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தேன். எனக்குத் தம்பி இல்லை என்பது ஒரு தடைபோலத் தோன்றவே இல்லை.

ஃபாதர் வயதானவர், காது மந்தம். காது மந்தமானவர்கள் எல்லோரையும் போல அவரும் உரக்கப் பேசுவார். "தம்பியை ஏம்மா அடிக்கிற? பாவம், சின்னப் பையன்" என்று பாவம் கேட்கும் மரக்கூண்டே அதிரும்படி வருத்தப்படுவார். அடுத்த மாதமும் அடிப்பேன். ஒன்றரை வருடம் அடித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஃபாதர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வீடு மந்திரிக்க வந்தார். அம்மா விடியற்காலையிலிருந்து தரையைத் தேய்த்தாள். அப்பா, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர், பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நின்றார். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் செபம் நடத்துபவர் அவர்தான். திரு இருதயப் படத்துக்குப் பின்னால் அவருடைய ரோத்தான் பிரம்பு எப்போதும் செருகியிருக்கும். பொய்க்கு அதில் ஆறு அடி. இது நிரந்தரச் சட்டம்.

தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டு ஃபாதர் குடும்பப் பதிவேட்டைத் திறந்தார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு, ஃபாதர். இவதான்" என்றார் அப்பா.

பேனா நின்றது. "ஒண்ணுதானா?"

"ஆமா, ஃபாதர்."

"தம்பி, கிம்பி?"

"கடவுள் கொடுத்தது அவ்வளவுதான், ஃபாதர்" என்றாள் அம்மா.

ஃபாதர் என்னைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குருவானவர் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே! அந்தப் பார்வை ஒன்றே போதும், அப்பா படத்தின் பின்னால் கைவிட. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னவர்களுக்குப் பூசையில் உட்கொள்ளும் நற்கருணை விஷமாகும் என்பதும் சிஸ்டர் சொன்னதுதான். ஒன்றரை வருட விஷம் எனக்குள் இருந்தது.

ஃபாதர் பதிவேட்டில் ஒன்று என்று எழுதி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அம்மாதான் பொரிந்து தள்ளினாள். "ரெண்டு தடவ கேக்குறாரே, என்னமோ நாம பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்க மாதிரி!"

இன்று எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இப்போது குடியிருக்கும் புக்கிட் பெருந்துங்கில் என் மகளிடம், பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஓகேமா, சாப்பிட்டேன், ஹோம்வொர்க் முடிச்சிட்டேன், யார்கூடவும் சண்டை இல்ல" என்று மூச்சு விடாமல் சொல்கிறாள். மற்ற தாய்மார்கள் நிம்மதியாக இருப்பார்கள். நானோ அந்த மூச்சுவிடாத பதிலைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்பேன். இவளுக்கு இதை யார் மனப்பாடம் செய்து கொடுத்தார்கள்?

ஃபாதர் வீட்டுக்கு வந்துபோன பிறகு வந்த பாவசங்கீர்த்தன வியாழனன்று நான் முந்திக்கொண்டு வரிசையின் முதலில் நின்றேன். கூண்டில் முழங்காலிட்டதும் அழுதேன்.

"எனக்குத் தம்பி இல்ல, ஃபாதர்."

"அதான் பார்த்தேனே! ஒன்றரை வருஷமா அந்தப் பையனுக்காகப் பூசையில வேண்டிக்கிட்டிருக்கேன்!"

"அப்பாகிட்டச் சொல்லிடுவீங்களா?"

"சொல்ல முடியாதும்மா, அதான் என் கஷ்டமே. ஏன் இப்படிச் சொன்ன?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். தப்பித்த நிம்மதியில் வாய் நிற்கவில்லை. "எல்லாரும் இதேதான் சொல்றாங்க, ஃபாதர். ஒரே பட்டியல்."

"எல்லாருமா?" கோயில் முழுக்க எதிரொலித்தது. "ஏழு பேருமா?"

மூன்று அருள்நிறை மந்திரம் தண்டனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். அடுத்து உள்ளே போக வேண்டியவள் பின்னல்காரி. அவளுக்கு நிஜமாகவே மூன்று தம்பிகள். நிஜமாகவே தினமும் அடிப்பாள். எங்கள் ஏழு பேரில் அந்தப் பட்டியலை உண்மையாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

வெகுநேரம் கழித்து, மூக்கு சிவந்து வெளியே வந்தாள்.

"நம்பவே மாட்டேங்கிறாருடி. மூணு தம்பி இருக்கானுங்க, மாதா மேல சத்தியம்னு சொன்னேன். சத்தியம் பண்ணதுக்குத் தனியா அஞ்சு அருள்நிறை."

பள்ளி பஸ்ஸில் அவள் அதன்பிறகு என் பக்கத்தில் உட்காரவே இல்லை.