முழங்காலுக்கு ஏழு மாதம்

மீனாட்சிபுரத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் ஆதார் எண் நினைவிருக்காது. மாட்டின் காதில் மாட்டிய மஞ்சள் வில்லையின் எண் மனப்பாடம். பால் சொசைட்டியில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டுக்கும் பன்னிரண்டு இலக்கம் வேறு.

முழங்கால் வலிக்காக மருத்துவ முகாமுக்குப் போன என் வீட்டுக்காரர், ஆதார் எண்ணைக் கேட்டதும் மாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு எங்கெங்கோ தேடி முடிவு சொன்னது: ஏழு மாதக் கர்ப்பம், எடை கூடியதால் கால் வலி, கவலை வேண்டாம்.

டாக்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏழாம் மாசத்துல இது சகஜம். நல்லா நடங்க" என்றார்.

கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, அவரு மீசையையாவது பாருங்க!"

"சிஸ்டம் தப்பா சொல்லாது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் எங்கள் சினை மாட்டைப் பார்க்கக் கால்நடை டாக்டர் வந்தார். எண் எதையும் கேட்கவில்லை. வயிற்றைத் தடவினார், ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மெதுவாக வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினார்.

"அப்படியே இதையும் ஒருக்கா தொட்டுப் பாத்துருங்க சார்."