அம்மம்மாவுக்கு நான் பாடிய அரைப்பாட்டு

இன்று புங்குடுதீவு பஸ்ஸில், ஆட்கள் நிறைந்திருக்க, மடத்துவெளி அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, செத்த வீட்டிலை பாட்டு மறந்து நிண்டவர் நீர்தானே?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எழுபதுகளில் ஊரில் யார் செத்தாலும், பிரேதத்துக்கு முன்னால் சடங்குக்கான சுண்ணப்பொடியை உரலில் இடிக்கும்போது பாட அம்மம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்கமாட்டார். பாடிவிட்டு வந்து, கிணற்றடியில் முழுகி, எங்களுக்குச் சோறு போடுவார்.

அவர் செத்த அன்று பாட ஆளில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னை முன்னால் தள்ளினார்கள். அவருக்குத் துணையாகப் போய்ப் போய் முழுப்பாட்டும் எனக்குப் பாடம். குரல்தான் ஆட்டுக்குரல்.

மற்றப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நின்றார்கள். நான் பாடினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பாடடா, பொழுதுபடுகுது!" என்றார் மாமா.

நான் வாய் திறக்கவில்லை. பந்தங்கள் எரிந்து கைக்குக் கிட்ட வந்துவிட்டன. கடைசியில் பாட்டு முடியாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஊரையே முழுப்பாட்டோடை அனுப்பின மனுசி, உம்மாலை அரைப்பாட்டோடை போச்சுது" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, நான் அப்பவே மறதிக்காரன்" என்று சிரித்தேன். பஸ்ஸும் சிரித்தது.

மறக்கவில்லை, அக்கா. பாட்டு முடிந்தால் அவரைத் தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்துதான் நிறுத்தினேன்.