மாமா கழற்றிய ஷாக் அப்சார்பர்

என் மாமாவைப் பொய்யர் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்த வயதில் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிட்டால் லேசில் மாற்றிக்கொள்ள முடியாது.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் அம்மாவின் தம்பியான மாமாவும் அவர் மனைவியான அத்தையும். தாயில்லாத தம்பியை அம்மாதான் வளர்த்து ஆளாக்கினாள் என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அம்மாவே சொல்லிவிடுவாள். மாமாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. படப்பை வழியாக லாரிகளுக்கு நடுவே தினமும் போய்வந்ததில், அவருடைய பைக்கின் பின்பக்க ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்துப்போயிருந்தன. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பு நொந்துவிடும். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அத்தை உண்டான பிறகுதான் எடுத்துக்கொண்டார். முந்தின வருஷம் ஒன்று கலைந்து போயிருந்தது. அதனால் இந்த முறை அத்தை மாடிப்படி இறங்கினால் கூடவே இவரும் இறங்குவார். சேலையூர் மெக்கானிக்கிடம் சொல்லி, பொன் நிறத்தில் மினுமினுக்கிற கேஸ் ஷாக் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஷாக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லியும் கொடுத்தார்.

“சீட்டை அழுத்தி விடு. ஒரே தடவை மேல வந்து நின்னுட்டா நல்ல ஷாக். குதிச்சுக்கிட்டே இருந்தா செத்த ஷாக்.”

அழுத்தினேன். சமர்த்தாக எழுந்து வந்து நின்றது. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “ஏன்டா, உன் பொண்டாட்டி உட்கார பஞ்சு மெத்தை கேக்குதோ? இவளை வயித்துல வெச்சுக்கிட்டு நான் தாம்பரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போகலை?” என்றாள். மாமா சிரித்தார்.

ஸ்கேன் எடுக்கப் போன அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். நான் பெட்ரோல் டேங்கின் மேல். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவெல்லாம் வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமா வண்டியை நிறுத்தி, அத்தையை இறக்கி, தள்ளிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏற்றிக்கொள்வார். சைக்கிளில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு போனவர்கூட எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு மானமே போயிற்று.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அத்தையின் முகம் வீங்கியிருந்தது. நான் கேட்காமலேயே மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டியில் பின்னாலேயே வந்தார். அத்தை வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஊசி போட்டாங்களா அத்தை?” என்று கேட்டேன்.

“ஆமாம் கண்ணு” என்றாள்.

தெருமுனையில் ஆட்டோவை அனுப்பிவிட்டு மாமா எங்களை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டார். வாசலில் நின்ற அம்மாவிடம், “எல்லாம் நல்லா இருக்காம்க்கா” என்று சொன்னார். ஓரிரு நாளில் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது வயிற்றில் பாப்பா இல்லை என்றார்கள்.

அதன் பிறகு வீடு வீடாகவே இல்லை. அம்மா வேளாவேளைக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து மாடிக்கு அனுப்புவாள். கையால் கொடுத்ததை வாயால் பிடுங்கிக்கொள்ளவும் செய்வாள். “ரெண்டு தடவையும் தங்கலைன்னா உடம்புலதானே கோளாறு? அவ பெரியம்மாவுக்கும் இப்படித்தானாமே?” என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். ஒரு சாயங்காலம் என் பெரியம்மா வந்து, அம்மாவோடு நெடுநேரம் குசுகுசுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் அத்தை அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தம்பிக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை என்றும் பேச்சு வந்தது. அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கோ ஒரே சந்தோஷம். படப்பையில் இருந்த அந்த வீட்டில் கொய்யா மரம் உண்டு. என்னையும் கூட்டிப்போகச் சொல்லி மாடிக்கு ஓடினேன். அத்தை பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவையும் அதில் இருந்தது. “கொஞ்ச நாளுக்கு எதுக்கு அத்தை இவ்வளவு புடவை?” என்று கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் மெக்கானிக் கடைக்குத் தானே போகிற மாமா, அன்று மெக்கானிக்கை வாசலுக்கே கூட்டிவந்தார். மூலையில் கிடந்த பழைய ஷாக் இரண்டையும் எடுத்துவந்து போட்டு, இதை மாட்டு என்றார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “இன்னா சார் பேஜாரு? நல்லா கீற சாமானைக் கழட்டிட்டு செத்த சாமானை மாட்டச் சொல்றியே?”

“கழட்டுப்பா!” மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. “இந்தச் சனியனாலதான் எல்லாம் போச்சு. ஸ்டைலா இருக்குன்னு மாட்டினேன். அன்னிக்கு ஸ்கேன் எடுத்துட்டு வர்றப்போ வேகமா வந்து பள்ளத்துல விட்டுட்டேன். தூக்கிப் போட்டுடுச்சு. அப்பதான் அவளுக்கு வலி ஆரம்பிச்சுது.”

அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“பொய்! வர்றப்போ நானும் அத்தையும் ஆட்டோவுல வந்தோம்!”

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். மாடி ஜன்னலில் அத்தை நின்றிருந்தாள்.

“வாயை மூடு கழுதை!” என்று மாமா என்மேல் பாய்ந்தார். “அது வேற நாள்க்கா. இவளுக்கு என்ன தெரியும்?”

எட்டு வயதுப் பெண்ணின் சாட்சி எந்தச் சபையில் ஏறும்? அம்மா தம்பியைத்தான் நம்பினாள். “அடப்பாவி! வாயும் வயிறுமா இருக்கறவளை இப்படியாடா கூட்டிக்கிட்டு வருவே? நான் அந்தப் பொண்ணைப் போய்ப் பேசினேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பெட்டியில் இருந்த புடவைகளைத் தன் கையாலேயே எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தாள். மாமா தலையைக் குனிந்தபடி மெக்கானிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

படப்பையும் இல்லை, கொய்யாவும் இல்லை. மெக்கானிக் போன பிறகு சீட்டை அழுத்திப் பார்த்தேன். அது குதித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஸ்கேனிலேயே துடிப்பு நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள் என்று, நான் காலேஜ் முடித்த பிறகு ஒருநாள் அத்தை சொன்னாள். அவர்களுக்கு அப்புறமும் குழந்தை தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா, “எல்லாம் அன்னிக்குப் பட்ட அடி” என்று வண்டியையும் மாமாவையும்தான் திட்டித் தீர்த்தாள். அத்தையை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமாவும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் செத்த ஷாக்கோடுதான் அந்த வண்டியை விற்கிறவரை ஒரகடம் போய்வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், மருந்து வாங்க மாமாவும் அத்தையும் வண்டியில் கிளம்பினார்கள். மாமாவோடு பேசாமல் நான் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். அம்மா பார்க்கிறாள் என்று எப்போதும் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளியே உட்காரும் அத்தை, அன்று இரண்டு கையாலும் மாமாவைக் கட்டிக்கொண்டு, அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். பள்ளத்தில் வண்டி ‘டங்’கென்று தூக்கிப் போட்டது. அப்போதும் அவள் முகத்தை எடுக்கவில்லை. ஷாக் செத்துப்போனதால் விழுந்துவிடுவோமோ என்று பாவம் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.